காட்பாடி மேம்பாலத்திலேயே மூச்சு வாங்குகிறது, மாஸ்டர்!

சைக்கிள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதமும் பதில் சொல்கிறார், காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்.

கேள்வி: மாஸ்டர், வணக்கம். எனக்கு வயது 34. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி தாண்டிப் போய்த் திரும்புவேன். தங்கை கல்யாணம், அதைத் தொடர்ந்து மழை என்று மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. போன ஞாயிறு நண்பர்களோடு கிளம்பினால், காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறுவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிட்டது. முன்பு அந்த இடத்தில் கைக்கடிகாரத்தில் 152 காட்டும் நாடித்துடிப்பு, இப்போது 164. பாதியில் திரும்பிவிட்டேன். இரண்டு வருடம் சேர்த்தது மூன்று வாரத்தில் போய்விட்டதா? பழையபடி ஆக எத்தனை நாள் பிடிக்கும்?
– காந்தி நகர் வாசகர்

பதில்: போகவில்லை தம்பி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நாடித்துடிப்பைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது.

தொடர்ந்து சைக்கிள் மிதிக்கிறவர் உடலில் இரத்தத்தின் அளவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மிதிப்பதை நிறுத்தினால் சில நாட்களிலேயே அது குறைய ஆரம்பிக்கும். பெரும்பாலும் குறைவது பிளாஸ்மா என்கிற நீர்ப் பகுதி. இரத்தம் குறைந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ளும் அளவும் குறையும். ஆனால் மேம்பாலம் ஏறும் கால்கள் பழைய அளவைத்தான் கேட்கும். அதனால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. உங்கள் கடிகாரத்தில் கூடுதலாக ஏறிய 12 துடிப்பு பெரும்பாலும் இதனால்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் காயில் என்ற உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை இரண்டு முதல் நான்கு வாரம் சும்மா இருக்கச் சொன்னார்கள். இரத்த அளவு சுமார் 9 சதவீதம் இறங்கியது. அப்புறம் ஊசி மூலம் ஒரு திரவத்தை ஏற்றி, குறைந்த அளவை மட்டும் சரிசெய்தார்கள். ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் கிளினிக்கில் போய் டிரிப்ஸ் போட்டுக்கொள்ள வேண்டாம். மிதிக்க ஆரம்பித்தாலே உடல் அதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும், அதுவும் சீக்கிரமாகவே.

அதே குழு 1984இல் இன்னொன்றும் வெளியிட்டது. பல வருடம் பயிற்சி எடுத்தவர்கள் 84 நாள் நிறுத்தினார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது, 56 நாளில் 16 சதவீதம் வரை போனது, அதற்கப்புறம் இறங்காமல் நின்றுவிட்டது. தசைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அந்த 84 நாளிலும் குறையவே இல்லை. நீங்கள் இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து கட்டிய குழாய்கள் அவை. மூன்று வாரக் கல்யாணச் சாப்பாடு அவற்றை ஒன்றும் செய்யாது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, காலாண்டு விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம் இதையே பார்த்தேன். விடுமுறைக்கு முன்னால் 1500 மீட்டரைச் சிரித்துக்கொண்டே முடித்த பையன், வந்த முதல் நாள் பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் ஸ்டாப்வாட்சைக் காட்டினால் அவன் மனசு விட்டுப்போகும். மறுநாள் வயிற்றுவலி என்பான். அதனால் முதல் வாரம் வாட்சை பீரோவை விட்டு எடுக்கவே மாட்டேன். பிள்ளைகள் பேசிக்கொண்டே ஓடுவார்கள். இரண்டாவது வாரம் எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் பழைய நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். முதல் வாரம் அளக்காதீர்கள். கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டாம், நாடித்துடிப்பு மட்டும் தெரிந்தால் போதும். வேகத்தையும், ஸ்ட்ராவா ஆப்பில் பதிவான பழைய நேரத்தையும் பார்க்க வேண்டாம். ஞாயிறு நண்பர்களோடும் ஒரு வாரம் போகாதீர்கள். ஒருவர் பின்னால் ஒருவர் போகும்போது நம் மூச்சை நாம் கேட்பதில்லை, முன்னால் போகிறவரின் சக்கரத்தைத்தான் பார்க்கிறோம். கண்ணில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் விட்டு நான் மறுபடி கிளம்பியபோது, சித்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர், “இன்னா மாஸ்டர், இவ்ளோ மெதுவா போற?” என்றார். “இந்த வாரம் இப்படித்தான்பா” என்றேன். உங்கள் நண்பர்களிடமும் அதையே சொல்லிவிடுங்கள். நல்ல நண்பர்கள் புரிந்துகொள்வார்கள்.

எப்படி மிதிப்பது? முதல் வாரம் நான்கு அல்லது ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு உள்ளாக. ஞாயிறு ஒரே நாளில் 60 கிலோமீட்டர் போய்விட்டு மற்ற நாள் படுத்திருப்பதைவிட, அடிக்கடி கொஞ்சமாகப் போவதில்தான் இரத்த அளவு ஒழுங்காக ஏறும். மேம்பாலத்தை விட்டுவிட்டு குடியாத்தம் சாலையில் லத்தேரி பக்கம் போங்கள், பெரிய ஏற்றம் கிடையாது. பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள்.

கியர் விஷயம் முக்கியம். இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் பழைய வேகம் வேண்டும் என்று கனமான கியரைப் போட்டு அழுத்துவார்கள். மூச்சு தாங்கினாலும் முட்டி தாங்காது. லேசான கியரில் காலைச் சுழல விடுங்கள். வலது கால் கீழே வருவதை 15 விநாடி எண்ணிப் பாருங்கள்: 20 முதல் 22 வரை வந்தால் நிமிடத்துக்கு 80க்கும் 90க்கும் நடுவில் இருக்கிறீர்கள், அது போதும். சீட்டில் உட்காரும் இடம் முதல் சில நாள் வலிக்கத்தான் செய்யும். அதற்காகப் புது சீட் வாங்காதீர்கள், அதே வாரத்தில் பழகிவிடும்.

இரண்டாவது வாரம் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். மூன்றாவது வாரம் ஒரே ஒரு நாள் மேம்பாலத்துக்கு வாருங்கள். உட்கார்ந்தபடியே ஏறுங்கள், இறங்குங்கள், மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறுங்கள். நான்கைந்து தடவை போதும். நான் பார்த்தவரை, மூன்று வாரம் விட்டவர்கள் மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதே மேம்பாலத்தில் நாடித்துடிப்பு 150களுக்கு இறங்கியதும் நண்பர்களோடு சித்தூர் போங்கள்.

கேள்வி: சார், நான் வேலூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஏப்ரலில் லீவுக்குக் குன்னூருக்குப் போய், அங்கேயும் தினமும் சைக்கிள் ஓட்டினேன், மலை ஏற்றம் உட்பட. மே மாதம் திரும்பி வந்தால் இங்கே சமதரையில் 10 கிலோமீட்டர் போனாலே தலை சுற்றுகிறது. விடாமல்தானே ஓட்டினேன்?
– கல்லூரி மாணவர்

பதில்: உங்கள் கால் நன்றாக இருக்கிறது. விட்டுப்போனது வெயில் பழக்கம். வெயிலில் தினமும் உழைக்கிற உடல் சீக்கிரம் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், அதிகமாக வியர்க்கும், வியர்வையில் உப்பை வீணாக்காமல் பிடித்துவைக்கும். குளிர்ந்த ஊரில் சில வாரம் இருந்தால் இந்தப் பழக்கம் கரைந்துவிடும். ஏசி அறையிலேயே இருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். திரும்பப் பழக பத்து முதல் பதினான்கு நாள் தேவை, அதுவரை பொறுமையாக இருங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி நிற்கிற மொட்டைப் பாறை மலைகள் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க வெளியே விடுகின்றன. கத்திரி வெயிலில் விடியற்காலை 5 மணிதான் ஒரே நல்ல நேரம். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். முதல் நான்கைந்து நாள் 20 நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிளம்பும் முன் ஒரு சொம்பு தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட மோர். கேழ்வரகுக் கூழ் கிடைத்தால் இன்னும் நல்லது, உப்பும் தண்ணீரும் மாவும் ஒன்றாகக் கிடைக்கும். தலை சுற்றினால் அங்கேயே இறங்கி நிழலில் உட்காருங்கள், மேலே தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் உளறினாலோ, தடுமாறினாலோ, வாந்தி எடுத்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உடனே 108க்குப் போன் செய்துவிட்டு உடலை நனைத்துக் குளிர்விக்க ஆரம்பியுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. அதில்தான் ஒரு வருடமாகக் காலையில் ஓட்டுகிறேன். சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. ஐப்பசியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. மாடிப்படி ஏறினாலே கால் நடுங்குகிறது. விட்டுவிட்டால் மறுபடி சர்க்கரை ஏறிவிடுமோ என்று பயம். எப்போது ஆரம்பிக்கலாம்?
– குடியாத்தம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு 45 வயதில் தெருவில் இறங்குவதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வருடம் வீணாகாது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் பதில் முதல் கேள்விக்குச் சொன்னதைப் போல இல்லை. கல்யாணத்துக்காக விட்டவர் உடல் சும்மா இருந்தது. உங்கள் உடல் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறது. டெங்குவுக்குப் பிறகு அசதி பல வாரம் நீடிப்பது சகஜம். மாடிப்படியில் கால் நடுங்குவது நிற்கும் வரை சைக்கிள் வேண்டாம். சிகிச்சை தந்த டாக்டரிடம் காட்டி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டதா என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவையும் அவரே சொல்லட்டும். நடுவில் உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது வாங்கிப் போடாதீர்கள். டெங்கு சமயத்தில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் இரத்தக்கசிவைத் தூண்டும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். இப்போதும் டாக்டரைக் கேட்டே வாங்குங்கள்.

சர்க்கரைக்குச் சைக்கிள்தான் வேண்டும் என்று இல்லை. சாப்பிட்ட பிறகு வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் மெதுவாக நடந்தால்கூட உதவும். அதை இன்றே ஆரம்பிக்கலாம்.

டாக்டர் சரி என்ற பிறகும், காலையில் படுக்கையை விட்டு எழும் முன் மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். தினமும் எழுதி வையுங்கள். அது ஒரு வாரம் ஒரே அளவில் நின்று, வீட்டு வேலை முழுவதும் செய்தும் மாலையில் படுக்கத் தோன்றாமல் இருந்தால், அப்போது சைக்கிளை எடுங்கள். என்றாவது காலையில் வழக்கத்தைவிட 10 துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்கு ஓய்வு. முதலில் தெருக்கோடி வரை, பத்து நிமிடம். மறுநாள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஓட்டிய மறுநாள் படுத்துவிட்டால் அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பள்ளிச் சைக்கிளில் பெரும்பாலும் சீட்டைக் கீழே இறக்கியே விட்டிருப்பார்கள், கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்று. அப்படி மிதித்தால் முட்டி மடங்கியே இருக்கும், தொடை சீக்கிரம் சோர்ந்துவிடும். நோயிலிருந்து எழுந்தவருக்கு இது பெரிய வித்தியாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்துங்கள். கால் நேராக நீள வேண்டும். நீளவில்லை என்றால் சைக்கிள் கடையில் ஸ்பேனர் போட்டு ஏற்றித் தரச் சொல்லுங்கள். சீட் தண்டில் ஒரு கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. ஏற்றியதும் முதலில் பயமாக இருக்கும். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் போதும். கியர் இல்லாத வண்டி என்பதால் மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதுவும் உடற்பயிற்சிதான்.

கேள்வி: ஒரு மாதம் மழையில் வராந்தாவில் நின்ற சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டலாமா?
– ஆற்காடு வாசகர்

பதில்: வேண்டாம். ஓட்டாமல் நின்றாலும் டியூபில் காற்று இறங்கும். காற்றடித்துவிட்டு டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் சுற்றவே கூடாது. செயினில் துரு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண் ஒட்டிப் பிசுபிசுத்துப் போகும்.

கேள்வி: மாஸ்டர், வயது 52. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வருடத்தில் சில முறை ஏலகிரி ஏறுவேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அக்கா வந்திருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் நண்பர்கள் ஏலகிரி போகிறார்கள். நானும் ஏறிவிடலாமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். நண்பர்களோடு போங்கள், ஆனால் உச்சி வரை ஏற வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

ஒரு மாத இடைவெளி, அதோடு ராத்திரித் தூக்கம் கெட்டிருக்கும். 52 வயதில் பழைய நிலைக்குத் திரும்புவது 34 வயதுக்காரருக்கு ஆவதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஒரு கடினமான நாளுக்குப் பிறகு இரண்டு லேசான நாள் தேவைப்படும். முதல் வாரத்தை நல்ல தூக்கத்துக்கும் சமதரைக்கும் கொடுங்கள். மிதிக்காத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். இரத்த அழுத்தம் பார்த்து நாளாகியிருந்தால் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மலையடிவாரத்தில் இருக்கும் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் எழுதியிருக்கும். மலை 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல். எப்போதும் ஏறுகிற உங்களுக்குத் தெரியும், அங்கே மூச்சு வாங்க இடம் தராத ஏற்றம். இந்த முறை நான்கைந்து வளைவு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா பாருங்கள். பேச்சு நின்றால் அடுத்த வளைவில் ஓரமாக இறங்கித் தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு அடங்கினால் இன்னும் இரண்டு வளைவு. அடங்கவில்லை என்றால் அங்கிருந்தே திரும்புங்கள், நண்பர்களுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனால் இன்னும் நாலு வளைவு கூடுதலாக ஏறுவீர்கள்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். சோர்ந்த கை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், ரிம் சூடாகிவிடும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பஸ் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்குத் தேவைப்படும், ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழிவிடுங்கள். சாப்பாட்டுப் பையை ஹேண்டில் பாரில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பாய்ந்து வரும்.